நொச்சிக்குத் தனித்திணை வேண்டும்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நான் ஒரு போரில் வென்றேன். மும்பையில் ஒரு கல்வி நிறுவனம் நடத்திய ஒருநாள் வார்கேம் பயிலரங்கு அது. பன்னிரண்டு ஆய்வு மாணவர்கள், இரண்டு அணிகள், ஒரு நடுவர், அறுகோணக் கட்டங்கள் வரையப்பட்ட மேற்குக் கடற்கரை வரைபடம் ஒன்று. சிவப்பு அணி கடல்வழியாகவும் வான்வழியாகவும் தாக்கும். நீல அணி காக்கும். நான் நீலம். நகரத்தின் வான்காப்பு என் பொறுப்பு. எட்டுச் சுற்றுகள் முடிந்ததும் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்த நடுவர், நீலத்துக்குத் தெளிவான வெற்றி என்று அறிவித்தார். கைதட்டினார்கள். தேநீர் வந்தது.

அந்நேரம் தாராவியில் என் வீட்டின்மீது எண்ணெய்ப் புகை கவிந்திருந்தது. வரைபடத்தில் அதைக் காட்ட ஒரு காய்கூட இல்லை.

ஆட்டத்தின் கணக்கு இது. கடற்படைத் தளத்துக்கு 10 புள்ளிகள். கடலுக்குள் இருக்கும் மும்பை ஹை எண்ணெய் மேடைகளுக்கு 8. ஜவாஹர்லால் நேரு துறைமுகத்துக்கு 6. செம்பூரை ஒட்டிய மாகுல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு 6. விமான நிலையத்துக்கு 5. தாராவி, சயான், மாட்டுங்கா, வடாலா ஆகிய அனைத்தும் சேர்ந்து ஒரே சாம்பல்நிறக் கட்டம். அதற்குப் புள்ளி கிடையாது. என்னிடம் நான்கு வான்காப்பு ஏவுகணைத் தொகுதிகள் இருந்தன. ஒன்றைச் செம்பூருக்கும் சயானுக்கும் நடுவே வைத்தேன். "அங்கே என்ன இருக்கிறது?" என்று நடுவர் கேட்டார். மனிதர்கள் இருக்கிறார்கள் என்றேன். "புள்ளி இல்லையே" என்றார், சிரித்தபடி. அணித்தோழர்களும் அதையே சொன்னார்கள். நான் அத்தொகுதியை எடுத்துக் கடற்படைத் தளத்தருகே வைத்தேன். ஆம், நானேதான் எடுத்து வைத்தேன். ஐந்தாம் சுற்றில் மாகுலின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்தன. நீலத்துக்கு 6 புள்ளி இழப்பு என்று குறித்துக்கொண்டு ஆறாம் சுற்றுக்குப் போனோம். ஆட்டத்தின்படி அது டிசம்பர் மாத இரவு. அப்பருவத்தின் இரவுக்காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். அப்படியானால் புகை வடாலாவுக்கும் மாட்டுங்காவுக்கும் அல்லவா வரும் என்று கேட்டேன். காற்றுக்கு விதி எதுவும் எழுதப்படவில்லை என்று பதில் கிடைத்தது.

பயிலரங்கை நடத்தியவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. நல்லெண்ணத்தோடு நடத்தினார்கள், பல மாதப் பாடநூல் வாசிப்பு கற்றுத்தராததை ஒரே பகலில் கற்றுத்தந்தார்கள். என் வழக்கு இவ்வகை ஆட்டங்களின் இலக்கணத்தோடு. காக்கும் அணிக்கான விதிகளை எழுதுபவர்கள் தாக்குபவனின் இலக்குப் பட்டியலை அப்படியே எடுத்து, "இவற்றைக் காப்பாற்று" என்று மறுபக்கம் நீட்டுகிறார்கள். எதைக் காக்க வேண்டும் என்று காப்பவனிடம் எவரும் கேட்பதில்லை. தாக்குபவன் எதை விரும்புகிறானோ அதுவே காப்பவனின் செல்வமாகிவிடுகிறது. எதிரி ஆசைப்படாத ஒன்றுக்கு, அதாவது வெறுமனே வாழ்ந்துகொண்டிருக்கும் பத்துச் சதுரக் கிலோமீட்டர் மக்களுக்கு, அட்டவணையில் இடமே இல்லை.

இதைப் பயிலரங்கிலேயே சொன்னபோது உடனே வந்த மறுப்பு, எல்லா மாதிரியும் எளிமைப்படுத்தலே என்பது. வரைபடம் நிலம் ஆகாது. உலகம் முழுவதையும் அட்டையில் ஏற்ற முடியாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எளிமைப்படுத்துவது என்றால் ஒன்றை விட்டு ஒன்றை எடுப்பது. எடுத்தது யார், விட்டது யாரை என்று கேட்பதுதானே நம் துறைகளின் வேலை? ஒரு நாவலில் வராத பாத்திரத்தைப் பற்றி நாற்பது பக்கக் கட்டுரை எழுதும் நாம், ஓர் ஆட்டத்தில் வராத நகரத்தைப் பற்றி வாய்மூடி இருப்பது எனக்கு விளங்கவில்லை.

காக்கும் அணிக்குரிய ஆட்டத்தைச் சரியாக அமைக்க முடியாது என்பதும் பொய். அமைத்திருக்கிறார்கள். 1942 ஜனவரியில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில், ஜெர்மானிய நீர்மூழ்கிகளிடமிருந்து வணிகக் கப்பல் தொடர்களைக் காக்கும் வழியைக் கண்டறிய ஒரு சிறு பிரிவு தொடங்கப்பட்டது. அதன் தலைவர் கில்பர்ட் ராபர்ட்ஸ், காசநோயால் கடற்பணியிலிருந்து விலக்கப்பட்டவர். அவரோடு பணியாற்றியவர்கள் பெண்கள் கடற்படைப் பிரிவைச் சேர்ந்த இளம்பெண்கள். பலர் இருபது வயதைத் தாண்டாதவர்கள். தரையே அவர்களின் பலகை. அதில் சுண்ணக்கட்டியால் கப்பல்களின் பாதைகளை வரைந்தார்கள். காவற்கப்பல் தளபதியாக ஆடுபவர் துணித்திரைக்குப் பின்னால் நின்று சிறு துளை வழியாக மட்டுமே பார்க்கலாம். கடலில் அவருக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவே இங்கும் தெரியும். நீர்மூழ்கியின் பாதையைப் பச்சைச் சுண்ணத்தால் வரைந்தார்கள், துளைக்குப் பின்னால் நிற்பவர் கண்ணுக்கு அது புலப்படாதபடி. நீர்மூழ்கிகள் வெளியே நின்று சுடுவதாகவே கடற்படை நம்பியிருந்தது. அவை கப்பல் தொடரின் உள்ளேயே புகுந்து சுடுகின்றன என்பதை அந்தத் தரைதான் காட்டியது. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 5,000 அதிகாரிகள் அங்கே பயிற்சி பெற்றுச் சென்றார்கள்.

அந்த ஆட்டம் வேலைசெய்ததற்குக் காரணம் துளையோ சுண்ணக்கட்டியோ மட்டும் என்று நான் நினைக்கவில்லை. அட்லாண்டிக் காவற்படைகளின் முதற்கடமை, கப்பல் தொடர் பாதுகாப்பாகவும் உரிய காலத்திலும் போய்ச் சேர்வது என்றே கட்டளைநூலில் எழுதப்பட்டிருந்தது. எத்தனை நீர்மூழ்கிகளை மூழ்கடித்தாய் என்பது அடுத்த கேள்வி. மாவும் எண்ணெயும் ஏற்றிய, போரிடத் தெரியாத மந்தமான வணிகக் கப்பல்கள்தாம் அந்த வரைபடத்தின் நடுவே இருந்தன, காவற்கப்பல்கள் விளிம்பில். எங்கள் மும்பை வரைபடத்தில் விளிம்பில் இருக்க வேண்டியவை நடுவே இருந்தன. நடுவே இருக்க வேண்டியவர்கள் சாம்பல்நிறத்தில் இருந்தார்கள்.

இத்துறையின் நூல்களில் சலிக்கச் சலிக்கச் சொல்லப்படும் கதைகள் இரண்டு உண்டு. 1942 மே மாதம் யமாட்டோ போர்க்கப்பலில் ஜப்பானியர் மிட்வே தாக்குதலை ஒத்திகை பார்த்தபோது, காப்பவர் தரப்பு விமானங்கள் ஜப்பானிய விமானந்தாங்கிகளை ஒன்பது முறை தாக்கியதாகப் பகடை சொல்லியது. அட்மிரல் உகாக்கி அதை மூன்றாகக் குறைத்தார். அடுத்த மாதம் உண்மையான கடலில் நான்கு விமானந்தாங்கிகளும் மூழ்கின. 60 ஆண்டுகள் கழித்து, 25 கோடி டாலர் செலவில் அமெரிக்கா நடத்திய 'மில்லேனியம் சேலஞ்ச் 2002' ஒத்திகையில், வளைகுடா நாடொன்றைக் காக்கும் தரப்பை ஆடிய ஓய்வுபெற்ற தளபதி பால் வான் ரைப்பர், வானொலியை நிறுத்திவிட்டு மோட்டார் சைக்கிளில் செய்தி அனுப்பி, ஒரு விமானந்தாங்கி உட்பட 16 போர்க்கப்பல்களை மூழ்கடித்தார். மூழ்கிய கப்பல்களை மிதக்கவிட்டு ஆட்டத்தை மறுபடி தொடங்கினார்கள். எதிரி குண்டுவீச வசதியாக ரேடார்களைப் போட்டுவை என்று காப்பவருக்கே ஆணையிட்டார்கள். அவர் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார்.

நடுவரின் கை தாக்குபவன் பக்கம் சாயும் என்பதற்கு இவை நல்ல சான்றுகள். ஆனால் இவற்றை எடுத்துக்காட்டும் திறனாய்வாளர்களும் கப்பல்களையே எண்ணுகிறார்கள். 2023 ஜனவரியில் அமெரிக்க ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஎஸ், தைவான் மீதான படையெடுப்பை 24 முறை ஆடிப்பார்த்து அறிக்கை வெளியிட்டது. பெரும்பாலான ஆட்டங்களில் காப்பவர் தரப்பே வென்றது. மின்சாரமும் அடிப்படைச் சேவைகளும் அற்ற தீவு ஒன்று மிஞ்சும் என்று அந்த அறிக்கையே ஒப்புக்கொள்கிறது. எஞ்சியிருப்பது அதுவென்றால் வென்றது என்ன?

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். மும்பை காப்பதற்கென்றே கட்டப்பட்ட ஊர். காப்பு என்ற பெயரில் யார் உள்ளே, யார் வெளியே என்று பிரித்துப் பிரித்தே வளர்ந்த ஊர். தாராவியில் காலா கில்லா என்றால் பலருக்குப் பேருந்துப் பணிமனைதான் நினைவுக்கு வரும். கில்லா என்றால் கோட்டை. வீடுகளுக்கும் பட்டறைகளுக்கும் நடுவே அந்தச் சிறு கற்கோட்டை இன்றும் நிற்கிறது. ஆளுநர் ஜான் ஹார்ன் ஆணைப்படி 1737இல் கட்டப்பட்டது என்று அதன் சுவர்க் கல்வெட்டு சொல்கிறது. மித்தி ஆற்றுக்கு அப்பால் சால்செட் அன்று போர்ச்சுகீசியர் கையில், மராத்தியர் வந்துகொண்டிருந்தார்கள். ஆங்கிலேயரின் பம்பாய் முடியும் வடக்கு விளிம்பில் மாஹிம், தாராவி, சயான் என்று காவல் வரிசை அமைந்தது. நான் பள்ளிக்குப் போன பாதை ஒரு காலத்தில் நீல அணியின் முன்னணி வரிசை என்பதை ஆய்வுக்கு வந்த பிறகே அறிந்தேன்.

அந்த வரிசை யாரைக் காத்தது? 1689இல் ஜஞ்சிராவின் சித்தி யாகூத் கான் செவ்ரியில் படையிறக்கி மஜ்காவைப் பிடித்தபோது, ஆங்கிலேயர் கோட்டைக்குள் புகுந்து கதவடைத்துக்கொண்டார்கள். வெளியே இருந்த தீவு ஓராண்டுக்கும் மேலாகச் சித்தியின் கையில் கிடந்தது. 1739இல் வசாய் மராத்தியரிடம் விழுந்ததும் பம்பாய் வணிகர்கள் 30,000 ரூபாய் திரட்டிக் கொடுத்துக் கோட்டையைச் சுற்றி அகழி வெட்டச் செய்தார்கள். அகழிக்கு உள்ளே இருந்தது காக்கப்படும் நகரம். அதற்கு வெளியே, பீரங்கி சுடுவதற்குத் தடையில்லாத வெட்டவெளி வேண்டுமென்று பின்னாளில் வீடுகளையும் தென்னைகளையும் அகற்றினார்கள். ஓவல், கிராஸ், ஆசாத் மைதானங்கள் அந்த வெட்டவெளியின் எச்சங்கள். நம் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் புல்வெளி, சுடுவதற்கு வசதியாக மனிதர்களை நீக்கிய நிலம்.

இருபதாம் நூற்றாண்டிலும் கதை மாறவில்லை. 1944 ஏப்ரல் 14 மாலை, விக்டோரியா கப்பல்துறையில் ஃபோர்ட் ஸ்டிகைன் என்ற கப்பல் வெடித்தது. ஜப்பானியர் தாக்கிவிட்டதாகவே மக்கள் எண்ணினார்கள். வெடித்தது காக்கும் தரப்பின் சொந்தச் சரக்கு: ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருள், அதே கப்பலில் பஞ்சு மூட்டைகள். 66 தீயணைப்பு வீரர்களும் பல நூறு பொதுமக்களும் மாண்டார்கள். நாடு இன்றும் அந்த நாளைத் தீயணைப்புச் சேவை நாளாக நினைவுகூர்கிறது. எதிரி ஒரு குண்டும் வீசாத நாளில் பம்பாய் அந்தப் போரின் மிகப் பெரிய அடியை வாங்கியது. எங்கள் ஆட்டத்தின் விதிகளில் இது நிகழவே முடியாது. சொந்தக் காய் சொந்த நகரத்தைக் கொல்ல அங்கே விதி இல்லை.

டிராம்பே பக்கம் போனால் 1976. நெருக்கடி நிலைக் காலம். அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனியில், பெருமளவு தமிழர்களோடு, 70,000 பேர் வாழ்ந்ததாகக் கணக்கு. மே மாதத்தில் அது இடிக்கப்பட்டது. மக்கள் சீத்தா கேம்ப் சதுப்பில் கொண்டுவிடப்பட்டார்கள். கோலார் தங்கவயலில் பிறந்து இங்கே வந்த ஜோக்கின் அற்புதம் அந்தப் போராட்டத்திலிருந்துதான் எழுந்தார். 2000இல் மகசேசே விருது பெற்றார். நாட்டின் பாதுகாப்போடு தொடர்புடைய நிறுவனத்தின் நிலத்தேவை ஒரு பக்கம், மக்கள் மறு பக்கம் என்று வரும்போதெல்லாம் சாம்பல்நிறக் கட்டம்தான் நகர்த்தப்படும். அது மட்டுமே செலவின்றி நகரும் காய்.

அந்த அணு மையத்தைப் பற்றி இன்னொன்று. இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்று மற்றொன்றின் அணுசக்தி நிலையங்களைத் தாக்குவதில்லை என்று 1988 டிசம்பர் 31 அன்று ஒப்பந்தம் செய்தன. 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று இரு நாடுகளும் பட்டியல்களைப் பரிமாறிக்கொள்கின்றன. போர் மூளும் நிலையிலும் அது நின்றதில்லை. எதைத் தாக்கக் கூடாது என்று எதிரியோடு உட்கார்ந்து பட்டியல் போட முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. ஆனால் அதே டிராம்பேயில் சிறிது தூரத்தில் நிற்கும் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் உர ஆலைக்கும் அனல்மின் நிலையத்துக்கும் அப்படி ஒரு தாள் கிடையாது. 2018 ஆகஸ்டு 8 அன்று மாகுலில் ஒரு சுத்திகரிப்பு ஆலையின் ஒரு பகுதி வெடித்ததில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அமைதிக் காலத்தில், ஏவுகணை ஏதும் இல்லாமல்.

1971ஐ இங்கே எழுதுவது சிலருக்குப் பிடிக்காது என்று தெரியும். டிசம்பர் 4 இரவு நிபாத், நிர்காத், வீர் என்ற மூன்று சிறு ஏவுகணைப் படகுகள் கராச்சியைத் தாக்கியது கடற்போர் வரலாற்றில் துணிவான செயல். அந்த நாளையே கடற்படை நாளாகக் கொண்டாடுகிறோம். டிசம்பர் 9 இரவு குக்ரி கப்பலோடு 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மூழ்கினார்கள், அவர்கள்முன் தலைவணங்குகிறேன். கராச்சியின் கேமாரி எண்ணெய்த் தொட்டிகளை நம் விமானப்படையும் கடற்படையும் தாக்கின. அவை நாள்கணக்கில் எரிந்தன. இதை இதுவரை எப்போதும் தாக்கியவன் நாற்காலியிலிருந்தே படித்திருக்கிறேன். நீல அணியில் உட்கார்ந்து மாகுல் எரிவதைப் பார்த்த பிறகுதான், கேமாரி என்பது கராச்சியின் மாகுல் என்று உறைத்தது. துறைமுகத்துக்கும் தொட்டிகளுக்கும் நடுவே அங்கேயும் ஒரு சாம்பல்நிறக் கட்டம் இருந்திருக்கும். இதைச் சொல்வதால் எவருடைய வீரமும் குறையாது.

2008க்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது என்பார்கள். கராச்சியிலிருந்து புறப்பட்டு, குபேர் என்ற மீன்பிடிப் படகைக் கைப்பற்றி வந்த பத்துப்பேர் கொலாபாவின் மீனவர் குடியிருப்பில் கரையேறினார்கள். ரேடார் பார்க்காததை அங்கிருந்த மீனவர்கள் பார்த்தார்கள். யார் நீங்கள் என்று கேட்டார்கள். 166 பேர் இறந்த பின்னர் 'சாகர் கவச்' ஒத்திகைகள் வந்தன. 2019 முதல் 'சீ விஜில்' வந்தது. சிவப்பு அணி ஊடுருவப் பார்க்கும், நீல அணி தடுக்கும். இவற்றை நான் மதிக்கிறேன். ஆனால் அங்கும் மீனவரைக் 'கண்ணும் காதும்' என்றுதான் அழைக்கிறார்கள். காயம்படும் உடல், வலையிழக்கும் வீடு என்று அழைப்பதில்லை.

தமிழ் படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. தொல்காப்பியத்தில் மதிலை முற்றுகையிடுவதும் மதிலைக் காப்பதும் உழிஞை என்ற ஒரே திணையில் அடங்கும். காப்பவனுக்குத் தனிப்பெயர் இல்லை. பின்னர் வந்த புறப்பொருள் வெண்பாமாலை நொச்சியைப் பிரித்துத் தனித்திணையாகவே கூறுகிறது. வகைப்பாட்டுப் பூசல் என்று நெடுங்காலம் இதைக் கடந்துபோனேன். இப்போது பிரித்தவர் பக்கமே நிற்கிறேன். காப்பதைத் தாக்குதலின் ஒரு துறையாக வைத்தால், காப்பவனுக்குச் சொந்தக் கேள்வி இருக்காது. புறநானூற்றில் நொச்சியைப் பாடும் 271, 272ஆம் பாடல்களில், மதில் காக்கும் வீரன் சூடும் அதே நொச்சித் தழையை மகளிரும் இடையில் உடுத்துகிறார்கள். காப்பவருக்கும் காக்கப்படுபவருக்கும் அடையாளம் ஒன்றே. திருக்குறளின் அரண் அதிகாரம்கூட, உள்ளே இருப்பவர்கள் நிலைத்து வாழ எளிதாக இருப்பதை அரணின் இலக்கணத்தில் சேர்த்தே சொல்கிறது. பகைவன் நுழைய அரிது என்பதோடு நின்றுவிடவில்லை.

சில நண்பர்கள், அப்படியானால் மாற்று விதியைச் சொல், வெறுமனே திட்டாதே என்கிறார்கள். நியாயம். சாம்பல் கட்டத்தை முதலில் உடைக்க வேண்டும்: தாராவி தனி, மாட்டுங்கா தனி, வடாலா தனி, செம்பூர் தனி, ஒவ்வொன்றிலும் மக்கள்தொகை. காற்றின் திசைக்குப் பகடை. குடிநீரும் மின்சாரமும் அற்றுப்போனால் எத்தனை சுற்று தாங்கும் என்று ஒரு கணக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக மூன்றாவதாக ஓர் அணி: நகரம். அதற்குப் படை இருக்காது; எந்த இடத்தை எதிரியோடு பேசி இலக்குப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லலாம், எந்தத் தொகுதி எங்கே நிற்க வேண்டும் என்று நீல அணியிடம் வாதாடும் உரிமை இருக்கும். முடிவில் வெற்றியா தோல்வியா என்று முதலில் அறிவிப்பதும் அந்த அணியாகவே இருக்க வேண்டும். இதனால் ஆட்டம் நீளும், குழப்பமாகும் என்பது உண்மை. லிவர்பூலில் தரையில் மண்டியிட்டு வரைந்த பெண்களின் ஆட்டமும் எளிதாக இருக்கவில்லை.

அடுத்த பயிலரங்கின் அறிவிப்பு நேற்று வந்தது. மறுபடியும் நீல அணிக்கே பெயர் கொடுத்திருக்கிறேன். மேற்சொன்ன விதிகளை இரண்டு பக்கங்களில் எழுதி நடுவருக்கு அனுப்பியும் விட்டேன். ஏற்றுக்கொண்டால் மகிழ்ச்சியோடு ஆடுவேன். இல்லையென்றால் நான்கு தொகுதிகளையும் முதல் சுற்றிலேயே சாம்பல் கட்டத்தில் வைத்துவிட்டுத் தோற்கப்போகிறேன். இம்முறை யார் சொன்னாலும் எடுக்கமாட்டேன். ஏன் தோற்றோம் என்பதை ஆட்டக் குறிப்பில் எழுதும்படி மட்டும் கேட்பேன். நீல அணியில் இன்னும் மூன்று இடங்கள் காலியாக இருக்கின்றன. வர விரும்பும் மாணவர்கள் கீழே சொல்லுங்கள்.